வீடியோ எடிட்டிங்கில் சிக்கல் வந்தால் எங்கே தேடுவது, யாரைக் கேட்பது

எடிட்டிங் கற்றுக்கொள்ளத் தொடங்கும் எல்லாரும் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்பார்கள். நேற்று வரை நன்றாக ஓடிய டைம்லைன் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டை) இன்று திக்கும். பேசுகிறவரின் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். எக்ஸ்போர்ட், அதாவது முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியே எடுக்கும் வேலை, முக்கால்வாசியில் நின்றுவிடும். உடனே கூகுளைத் திறந்து, எடிட்டிங் மென்பொருளின் பெயரைப் போட்டு 'பிரீமியர் புரோ ப்ராப்ளம்' என்று தட்டினால் முடிவுகள் கொட்டும். அதில் நம் பிரச்சினையைப் பற்றிய பக்கம் மட்டும் இருக்காது.

இணையத்தில் எடிட்டர்களுக்கு உதவி நிறையவே இருக்கிறது. முக்கியமான மென்பொருள் எல்லாவற்றுக்கும் இலவசக் கையேடு உண்டு, பயனர் மன்றங்கள் உண்டு, யூடியூபில் பாடங்களும் ஏராளம். ஆனால் பிரச்சினையின் பெயர் தெரிந்தவருக்குத்தான் அந்த உதவி சட்டென்று கிடைக்கிறது. மருந்துக்கடைக்குப் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுப்பார்? அதனால் எங்கே கேட்பது என்பதற்கு முன்னால், என்னவென்று கேட்பது என்பதைப் பார்த்துவிடலாம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

புதிதாக வருபவர்களை மிக அதிகமாக அலைக்கழிக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். போனில் எடுத்த ஒரு நீண்ட பேட்டி. போனிலேயே போட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. டைம்லைனில் வைத்தால் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. போகப் போக உதட்டசைவும் குரலும் விலகிக்கொண்டே போகின்றன. பலர் இதை மைக் கோளாறு என்றோ மென்பொருள் கோளாறு என்றோ நினைத்து, கிளிப்பை இருபது துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்யப் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: போன் கேமரா விநாடிக்கு எத்தனை பிரேம் (அசையாத தனிப் படம்) என்பதை ஒரே சீராக வைத்திருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், பிறகு ஏற்றிக்கொள்ளும். இதற்கு வேரியபிள் ஃபிரேம் ரேட் என்று பெயர். எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாம் மாறாத பிரேம் கணக்கை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டவை. ஒரு கிளிப்பின் உண்மையான சராசரி விநாடிக்கு 29.8 பிரேம் என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் 17,880 பிரேம்கள் இருக்கும். மென்பொருள் அதை 30 என்றே எடுத்துக்கொண்டால் 596 விநாடியில் படம் முடிந்துவிடும். ஒலி 600 விநாடி ஓடும். நான்கு விநாடி வித்தியாசம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. தொடக்கத்தில் சரியாகவும் முடிவில் தப்பாகவும் இருப்பதற்கு விளக்கம் அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க மீடியா இன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் கோடெக் (காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), பிரேம் எண்ணிக்கை, ஒலியின் சாம்பிள் ரேட் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். அதில் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரிக்கு எதிரே வேரியபிள் என்று இருந்தால் குற்றவாளி பிடிபட்டாயிற்று. பிரீமியர் புரோவிலேயே கிளிப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தாலும் இந்தத் தகவல் தெரியும். தீர்வும் எளிது: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு, பிறகு எடிட்டிங்குக்கு எடுப்பது. அதில் தரத்துக்கான ஆர்.எஃப். எண் சிறிதாக ஆக ஆகத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம்.

இந்த ஒரு கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 'ஆடியோ சிங்க் ஆகவில்லை' என்று தேடுபவருக்கு ஆயிரம் விதமான பதில் வரும். 'போன் வீடியோ வேரியபிள் ஃபிரேம் ரேட் ஆடியோ டிரிஃப்ட்' என்று தேடுபவருக்கு முதல் பக்கத்திலேயே விடை கிடைக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது மீடியா இன்ஃபோவில் செலவழித்த ஒரு நிமிடம்தான்.

டைம்லைன் திக்குவதும் பெரும்பாலும் கோப்பின் வேலைதான். எச்.264, எச்.265 என்ற கோடெக்குகளில் எல்லாப் பிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம், மற்றவை முந்தைய, பிந்தைய படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். கோப்பு சிறிதாவதற்கு இதுதான் வழி. ஆனால் டைம்லைனில் நடுவில் ஒரு இடத்துக்குத் தாவும்போது கணினி அக்கம்பக்கத்துப் படங்களை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த ஒன்றைக் காட்ட முடியும். எனவே புது லேப்டாப்புக்குக் காசு சேர்க்கும் முன் புராக்ஸி என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். சிறிய நகல்களை வைத்து எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் கோப்புக்கு மாறிக்கொள்ளும் முறை அது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட், கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பது

எக்ஸ்போர்ட் நடுவில் நின்றுபோனால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திரையில் வந்த பிழைச் செய்தியை மூடிவிடாமல் முழுதாகப் படியுங்கள். பிரீமியர் பல நேரம் எந்த டைம்கோடு (டைம்லைனின் நேரக் குறி) அருகே சிக்கியது என்பதையே அந்தச் செய்தியில் சொல்லிவிடும். அந்த இடத்துக்குப் போனால் ஒரு கெட்டுப்போன கிளிப்போ, வம்பு செய்யும் ஒரு எஃபெக்ட்டோ உட்கார்ந்திருக்கும்.

செய்தி எதுவும் தெளிவாக இல்லையென்றால் டைம்லைனின் முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது வந்துவிட்டால் சிக்கல் இரண்டாம் பாதியில். அதை மறுபடியும் பாதியாக்குங்கள். ஒரு மணி நேர வீடியோவாக இருந்தாலும் ஏழெட்டு முறைக்குள் அரை நிமிட அளவுக்குச் சுருக்கிவிடலாம். இன்னொரு சோதனை, புதிதாக ஒரு ப்ராஜெக்டைத் திறந்து அதே கிளிப்பை மட்டும் உள்ளே கொண்டுவருவது. அங்கே ஒழுங்காக ஓடினால் பழைய ப்ராஜெக்டில் கோளாறு. அங்கேயும் ஓடவில்லையென்றால் கிளிப்பிலோ கணினியிலோ கோளாறு. பிரீமியரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே திறந்தால் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி வரும். மேக்கில் ஆப்ஷன் விசை. பாதி விசித்திரங்கள் இதிலேயே மறைந்துவிடும்.

முதலில் கையேடு, அப்புறம் யூடியூப்

கையேடு என்றாலே நமக்கு அலர்ஜி. புது மிக்ஸி வாங்கினால்கூட அதோடு வரும் புத்தகத்தைப் பிரிக்காமல் தூக்கிப் போடும் பழக்கம் நமக்கு. ஆனால் எடிட்டிங் மென்பொருள்களின் கையேடுகள் உண்மையாகவே நன்றாக எழுதப்பட்டவை. யாரும் அதை முழுதாகப் படிக்கச் சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வின் கையேடு பல ஆயிரம் பக்கம் போகிறது. மென்பொருளின் ஹெல்ப் மெனுவிலேயே அது இருக்கிறது. திறந்து, வேண்டிய சொல்லை அதற்குள் தேடினால் போதும்.

ரிசால்வ் விஷயத்தில் இன்னொரு நல்ல செய்தி. அதைத் தயாரிக்கும் ஆஸ்திரேலிய நிறுவனமான பிளாக்மேஜிக் டிசைன், தன் தளத்தின் டிரெய்னிங் பக்கத்தில் முழுப் பாடப்புத்தகங்களையே இலவசமாக வைத்திருக்கிறது. எடிட்டிங், கலர், ஒலி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று தனித்தனியாக. பயிற்சிக்கான காட்சிகளும் ப்ராஜெக்ட் கோப்புகளும் கூடவே கிடைக்கும். படித்து முடித்தவர்கள் இணையத்தில் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம். காசு கொடுத்துச் சேரும் பல குறுகிய வகுப்புகளில் இவ்வளவு ஒழுங்கான பாடத்திட்டம் இருக்காது என்பது என் கருத்து. இதைத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது.

ரிசால்வின் இலவசப் பதிப்பில் எது உண்டு, எது இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்போர்ட் அல்ட்ரா எச்டி அளவு வரைதான், விநாடிக்கு 60 பிரேம் வரைதான். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளை எடுத்துக்கொள்ளாது. இது தெரியாமல், 'என் வீடியோவில் படமே வரவில்லை' என்று நாள் கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. எந்த இயங்குதளத்தில் எந்தக் கோடெக் ஓடும் என்று ஒரு பட்டியலை அந்த நிறுவனமே வெளியிடுகிறது. சப்போர்ட்டட் கோடெக் லிஸ்ட் என்று தேடினால் வந்துவிடும்.

அடோபி, ஆப்பிள் இரண்டும் தங்கள் கையேட்டை இணையப் பக்கங்களாகவே வைத்திருக்கின்றன. கேடன்லைவ், ஷாட்கட் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கும் அப்படித்தான். ஷாட்கட்டின் மன்றத்தில் அதை எழுதும் டான் டென்னடியே வந்து பதில் சொல்வதைப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களிடம் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்கும் எடியஸுக்கு கிராஸ் வேலி நிறுவனத்தின் கையேடு இருக்கிறது. ஆனால் அங்கே நடைமுறை அறிவு பெரும்பாலும் ஸ்டுடியோவில் இருந்து ஸ்டுடியோவுக்கு வாய்வழியாகவே பரவுகிறது. இணையத்தில் தேடுவதைவிடப் பக்கத்து ஸ்டுடியோ அண்ணனிடம் கேட்பது வேகமாக வேலைக்காகும்.

யூடியூப் பாடங்களைப் பொறுத்தவரை, முதலில் பார்க்க வேண்டியது தேதி. பிரீமியர் புரோவில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் திரைகள் 2022ல் அடியோடு மாறின. அதற்கு முந்தைய பாடத்தை வைத்துக்கொண்டு மெனுவைத் தேடினால் கிடைக்காது. ரிசால்வ் 18 2022லும், 19 2024லும், 20 2025லும் வந்தன. ஒவ்வொன்றிலும் சில பட்டன்கள் இடம் மாறியிருக்கின்றன. தேடும்போது உங்கள் பதிப்பு எண்ணையும் சேர்த்தே தட்டுங்கள். தமிழில் நல்ல பாடங்கள் நிறைய வருகின்றன. அடிப்படையைப் புரிந்துகொள்ள அவைதான் வசதி. ஆனால் குறிப்பான கோளாறுக்கு விடை வேண்டுமென்றால், மெனுவில் உள்ள ஆங்கிலப் பெயர்களை அப்படியே எழுதித் தேடுவதுதான் பலன் தரும். பிழைச் செய்தியை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் அதே சொற்றொடர் உள்ள பக்கங்கள் மட்டும் வரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகத் திறந்து தரும் 'இலவச கிராக்' என்ற தலைப்போடு வரும் வீடியோக்களின் கீழே இருக்கும் இணைப்புகளைத் தொடாதீர்கள். கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களைப் பரப்ப அந்த வழியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். யூடியூப் சேனலையே பறிகொடுக்க நேரலாம். தவிர, கிராக் பதிப்பு வைத்திருப்பவருக்கு மன்றங்களில் யாரும் உதவ மாட்டார்கள். இலவசமாகவே ரிசால்வும் கேடன்லைவும் ஷாட்கட்டும் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

மன்றத்தில் கேட்பது

கையேட்டிலும் தேடலிலும் விடை இல்லையென்றால் மனிதர்களிடம் போக வேண்டியதுதான். அடோபிக்கும் பிளாக்மேஜிக்குக்கும் சொந்த மன்றங்கள் உண்டு. ரெடிட்டில் பிரீமியருக்கும் ரிசால்வுக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. அங்கே 'எடிட்டர்ஸ்' என்ற குழு தொழில்முறையாக வேலை செய்பவர்களுக்கானது. 'வீடியோ எடிட்டிங்' என்ற குழு புதியவர்களுக்கானது. இடம் மாறிக் கேட்டால் கேள்வியை நீக்கிவிடுவார்கள். அதற்காக மனம் நோக வேண்டாம். காட்சியின் நிறத்தைச் சீர்செய்யும் கலர் வேலையில் ஆழமாகப் போகிறவர்களுக்கு லிஃப்ட் காமா கெய்ன் என்ற மன்றம் இருக்கிறது. ரிசால்வுக்குள் இருக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸ் பகுதியான ஃபியூஷனைப் பயன்படுத்துபவர்களுக்கு 'வி சக் லெஸ்' என்று குறும்பான பெயரில் ஒரு மன்றம். ரியாக்டர் என்ற இலவசக் கருவித் தொகுப்பும் அவர்கள் கொடுப்பதுதான்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பதில் வேகமாக வரும், தமிழிலேயே பேசலாம். ஆனால் நேற்று யாரோ சொன்ன நல்ல பதிலை இன்று தேடி எடுப்பது குதிரைக்கொம்பு. அங்கே உபயோகமான ஒன்று கிடைத்தால் உடனே உங்கள் குறிப்பேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? 'பிரீமியர் ஹேங் ஆகுது, ப்ளீஸ் ஹெல்ப் அர்ஜென்ட்' என்று கேட்டால் பதிலாக வருவது பத்துக் கேள்விகள்தான். அந்தப் பத்துக்கும் நீங்களே முதலில் பதில் சொல்லிவிட்டால் என்ன? இப்படி எழுதலாம்:

'விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், 6 ஜிபி என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. ரிசால்வ் 20 இலவசப் பதிப்பு. காட்சிகள் ஆண்ட்ராய்டு போனில் எடுத்த 4கே எச்.265, மீடியா இன்ஃபோவில் வேரியபிள் ஃபிரேம் ரேட் என்று காட்டுகிறது. டைம்லைன் 25 பிரேம். ஒரு கிளிப்பில் ஒரு கனமான எஃபெக்ட் போட்டதிலிருந்து எக்ஸ்போர்ட் ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த எஃபெக்டை எடுத்தால் முடிகிறது. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.'

இப்படி எழுத ஐந்து நிமிடம் ஆகும். எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தானாகத் தெரிந்துவிடுவதும் உண்டு. மேலே உள்ளதைப் படிக்கும் அனுபவசாலி ஒருவர், கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்று ஒரே பார்வையில் சந்தேகப்படுவார். ஸ்கிரீன்ஷாட் என்றால் ஸ்கிரீன்ஷாட். போனில் சாய்வாக எடுத்த திரைப் படம் வேண்டாம். விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

இன்னொரு பழக்கம் கவனிக்க வேண்டியது. நமக்குத் தோன்றிய தீர்வைப் பற்றியே கேள்வி கேட்போம், உண்மையான தேவையைச் சொல்லமாட்டோம். 'கிளிப்பை 99.3 சதவீத வேகத்தில் ஓட்டுவது எப்படி?' என்று ஒருவர் கேட்கிறார். எல்லாரும் வேகம் மாற்றச் சொல்லித் தருவார்கள். அவருக்கு உண்மையில் வேண்டியது முன்னே சொன்ன ஒலி விலகலைச் சரிசெய்வது. என்ன செய்யப் போய் இங்கே வந்து நிற்கிறேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் சரியான வழி முதல் பதிலிலேயே கிடைத்திருக்கும். விடை கிடைத்த பிறகு எது சரியானது என்று அதே இடத்தில் எழுதிவிட்டு வருவது மரியாதை. அடுத்த வருடம் அதே கோளாறோடு தேடி வருபவருக்கு அந்த ஒரு வரிதான் உயிர்.

சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்கலாமா? கேட்கலாம். நம் சொந்த வார்த்தையில் அறிகுறியைச் சொல்லி, 'இதற்குத் தொழில்முறைப் பெயர் என்ன?' என்று கேட்க அவை அருமை. ஆனால் இல்லாத மெனுவையும் இருப்பதுபோல் தைரியமாகச் சொல்லும். சொன்ன பட்டன் கையேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அமெரிக்கப் பாடமும் நம் ஊர்க் கரண்டும்

ஆங்கிலப் பாடங்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்து வருவது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 50. இது எடிட்டருக்கு எதற்கு என்றால், டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நம் ஊரில் விநாடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. பாடத்தில் சொன்னபடி 30 பிரேம், ஷட்டர் (ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம்) விநாடியில் 60ல் ஒன்று என்று வைத்து மண்டபத்தில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டிங்கில் போக்குவது பெரும்பாடு. 25 பிரேம், ஷட்டர் 50ல் ஒன்று என்று எடுத்திருந்தால் வந்தே இருக்காது. ஐபோனில்கூட 25 பிரேம் வேண்டுமென்றால் கேமரா அமைப்புகளில் பால் (PAL) ஃபார்மட்ஸ் என்பதை நாமாகத் தேடி இயக்க வேண்டும். தேடும்போது 'ஃபிளிக்கர் 50 ஹெர்ட்ஸ்' என்று சேர்த்தால் ஐரோப்பா, ஆசியாவில் இருப்பவர்கள் எழுதிய பதில்கள் வரும். அவைதான் நமக்குப் பொருந்தும்.

தமிழ் எழுத்து உடைந்தால்

இது முழுக்க நம் வீட்டுப் பிரச்சினை. டைட்டிலில் 'கொடி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். கணினிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோட் முறையில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி என்ற வரிசையில் எழுத்து சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் எழுத்து இயந்திரம் செய்ய வேண்டிய வேலை. அது செய்யவில்லையென்றால் ஃபான்டை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகாது. பிரீமியரில் ப்ரிஃபரென்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு எழுத்து அடுக்கை உருவாக்கினால் சரியாக வரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே தேர்வு டைப் பகுதியில்.

இதற்கு விடை தேடும்போது ஒரு தந்திரம். தமிழ் ஃபான்ட் என்று தேடிக் கிடைக்காவிட்டால் இந்தி ஃபான்ட், வங்காள ஃபான்ட், மலையாள ஃபான்ட் என்று தேடிப் பாருங்கள். அந்த எழுத்துகளிலும் சில உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னால் வருபவை, அவர்களுக்கும் இதே தலைவலி. இந்தியில் கேட்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் விடையும் அங்கே முன்பே இருக்கும்.

ஸ்டுடியோக்களில் பாமினி போன்ற பழைய ஃபான்ட்களை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். அவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே அடிக்கப்படுவதால் எந்த மென்பொருளிலும் உடையாது. யுனிகோடில் வந்த உரையை அதற்கு மாற்றித் தரும் கன்வர்ட்டர்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த உரையை அப்படியே எடுத்து யூடியூபில் சப்டைட்டிலாக ஏற்றினால் குப்பையாகத்தான் வரும். டைட்டிலுக்கு மட்டும் சரி. இரண்டும் வேண்டாம் என்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் டைட்டிலைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக எடுத்து டைம்லைனில் போடலாம். இங்க்ஸ்கேப், கிம்ப், பிளெண்டர் ஆகியவற்றுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. அந்தத் திட்டத்தின் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் இருக்கிறது.

நல்ல தமிழ் ஃபான்ட்களுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பலூ தம்பி எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. காசு வாங்கிச் செய்யும் வேலையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். ஆன்சி என்று சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும்.

காட்சியும் இசையும்

பழகுவதற்குக் காட்சி இல்லையே என்பது பலரின் குறை. பெக்செல்ஸ், பிக்சாபே இரண்டிலும் இலவசக் கிளிப்கள் உண்டு, ஆனால் அவை துண்டு துண்டான அழகுக் காட்சிகள். கதை சொல்லப் பழக அவ்வளவாக உதவாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும் பிரெலிங்கர் தொகுப்பு வேறு ரகம். பழைய அமெரிக்க விளம்பரப் படங்கள், பள்ளிப் படங்கள், தொழிற்சாலைப் படங்கள் என்று ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. ஒரு பத்து நிமிடப் படத்தை எடுத்து ஒரு நிமிடமாகச் சுருக்கிப் பாருங்கள், எடிட்டிங் என்றால் என்னவென்று கை பழகும்.

ஒலிக்கு ஃப்ரீசவுண்ட் தளம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005ல் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் தனித்தனி. சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) ஜீரோ என்றால் எதற்கும் பயன்படுத்தலாம். சிசி பிஒய் என்றால் உருவாக்கியவர் பெயரைப் போட வேண்டும். என்சி என்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால் காசு வாங்கும் வேலைக்கு ஆகாது. கல்யாண வீடியோவும் காசு வாங்கும் வேலைதான். பின்னணி இசைக்கு யூடியூப் ஸ்டுடியோவுக்குள்ளேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது. அதிலும் சில பாடல்களுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும்.

'பத்து விநாடிக்குள் என்றால் சினிமாப் பாட்டைப் போடலாம்' என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அப்படி ஒரு சட்டமும் இல்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. பாடல் வரிகளுக்கும் இசைக்கும் படைத்தவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள். உரிமை உள்ள பாட்டைத் தானாகத் தேடும் யூடியூபின் கன்டென்ட் ஐடி சில விநாடிகளையே கண்டுபிடித்துவிடும்.

ஒலியோ காட்சியோ இறக்கும்போதே அதன் உரிமப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் 'லைசென்ஸ்' என்று ஒரு துணை ஃபோல்டர் போட்டு வைத்துவிடுங்கள். பக்கத்தின் முகவரியும் இறக்கிய தேதியும் அதில் தெரிய வேண்டும். தளங்கள் தங்கள் விதிகளை மாற்றிக்கொள்கின்றன, சில பாடல்கள் தளத்தை விட்டே போய்விடுகின்றன. ஆறு மாதம் கழித்து உரிமைக் கோரிக்கை ஒன்று வந்தால், யூடியூபில் மறுப்புத் தெரிவிக்கும் படிவத்தில் எழுதுவதற்கு உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஸ்கிரீன்ஷாட்தான்.